அணங்கும் ஒரு கறுத்தப் பசுவும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் டபிள்யூ. பி. யேற்ஸ் என்ற ஐரிஷ் கவிஞரின் ‘ஈஸ்டர், 1916’ பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை, ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராகச் சிலர் டப்ளின் தபாற்கந்தோரைப் பிடித்தார்கள். அதன் வாசலில் நின்று குடியரசுப் பிரகடனம் வாசித்தார்கள். ஆறாம் நாள் சரணடைந்தார்கள். மே மாதத்தில் அவர்களின் தலைவர்கள் ஒவ்வொருவராகச் சுடப்பட்டார்கள். அவர்களைப் பற்றிய கவிதை அது. எனக்கு வழக்கமாக வருவது சந்தி பிரித்துக் கேட்கும் கடிதங்கள்தான். இந்தமுறை பதினொரு கடிதம், ஒன்றில் தேயிலைச் சாயமும் சேர்ந்து. ‘என்ன ரீச்சர், காணி வழக்கோ?’ என்று கேட்டுவிட்டுப் போனார் முள்ளியவளைத் தபாற்காரர். இடமுள்ள அளவுக்கு எழுதுகிறேன்.

உவமைக்கும் குறியீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு எங்கள் சேர் ஒரு வரைவிலக்கணம் எழுதித் தந்தார். பாடமாக்கிவிட்டேன், விளங்கவில்லை. ஐரிஷ்காரர் நாட்டின் பெயரைச் சொல்லாமல் ஏன் ரோசாப்பூ, கிழவி, பசு என்று சுற்றி வளைக்கிறார்கள்?
— ஏ.எல். மாணவி, புதுக்குடியிருப்பு

வீட்டில் மாடு நிற்கிறதா பிள்ளை? நின்றால் அதன் பின்தொடையைப் போய்ப் பாரும். குறி சுட்டிருக்கும். இரண்டெழுத்தோ, ஒரு வளையமோ, சூலமோ இருக்கும். அந்தக் குறி மாட்டைப் போலவும் இல்லை, மாட்டுக்காரனைப் போலவும் இல்லை. ஆனால் பட்டியடியில் நிற்கிற எல்லாருக்கும் இது ஆருடைய மாடு என்று தெரியும். ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு அது ஒரு தழும்பு, அவ்வளவுதான். உவமை ‘இது அதைப் போல’ என்று வாய்விட்டுச் சொல்லும். குறியீடு வாய் திறக்காது. தெரிந்தவன் தெரிந்துகொள்வான். தெரியக்கூடாதவன் கடந்து போய்விடுவான்.

அயர்லாந்தில் அந்தத் தெரியக்கூடாதவன் ஆளுகிறவனாக இருந்தான். அதனால் 18ஆம் நூற்றாண்டில் ‘ஐஷ்லிங்’ என்றொரு பாட்டு வகையே வளர்ந்தது. ஐஷ்லிங் என்றால் கனவு, காட்சி. கவிஞன் கண்ணயர்கிறான். வானத்துப் பெண் ஒருத்தி வந்து, தனக்கு உரியவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான், இங்கே முரடன் ஒருவன் கையில் அகப்பட்டுக் கிடக்கிறேன் என்று அழுகிறாள். ஏகன் ஓ ராஹலி என்ற கவிஞர் அவளை ‘ஒளியினும் ஒளி’ என்று பாடினார். காதல் பாட்டு என்று கேட்பவன் கேட்டுவிட்டுப் போகலாம். ‘றொஷீன் டுவ்’, அதாவது கறுத்தச் சின்ன ரோசா, என்ற பழைய பாட்டும் அப்படித்தான். ‘அழாதே, உரோமிலிருந்து பாப்பரசரின் வைன் வருகிறது’ என்று காதலன் காதலியைத் தேற்றுகிறான். எந்தக் காதலிக்குப் பாப்பரசர் வைன் அனுப்புவார்? 1846இல், உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாடே பட்டினி கிடந்த காலத்தில், ஜேம்ஸ் கிளாறன்ஸ் மாங்கன் இதை ஆங்கிலத்தில் பாடி ‘த நேஷன்’ பத்திரிகையில் போட்டார். அதற்குப் பிறகு அந்த ரோசா ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுக்கு இதில் புதினம் இல்லை. வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான், கரந்தை சூடினால் மீட்கப் போகிறான், தும்பை சூடினால் இனித் திரும்பாத சண்டை. பூவைச் சொன்னால் போரைச் சொன்னதாகிவிடும்.

ஒன்று மட்டும் கூடச் சொல்லவேண்டும். பெயரைச் சொல்லாமல் விடுவதே ஒரு குறியீடாகலாம். 1803 ஜூலையில் றொபேட் எமற் என்ற 25 வயதுப் பையன் டப்ளினில் கிளர்ந்து தோற்றான். செப்டெம்பரில் தூக்கிலிடப்படுமுன் நீதிமன்றத்தில், என் நாடு மற்ற நாடுகளோடு சமமாக நிற்கும் நாள்வரை எனக்குக் கல்லறை வாசகம் ஒருவரும் எழுதவேண்டாம் என்றான். அவனை எங்கே புதைத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அவனுடைய கல்லூரி நண்பர் தோமஸ் மூர் 1808இல் ஒரு பாட்டு வெளியிட்டார். ‘அவன் பெயரை மூச்சிலும் விடாதே, நிழலில் உறங்கட்டும்’ என்று தொடங்கும். சத்தமில்லாமல் விழும் இரவுப் பனி அவன் புதைகுழியின் புல்லைப் பச்சையாக்கும் என்று போகும். பாட்டு முழுவதும் பெயர் இல்லை. அயர்லாந்தில் அதைக் கேட்ட எல்லாருக்கும் பெயர் தெரியும்.

அதே 1803, அதே ஆங்கிலேய அரசன் மூன்றாம் ஜோர்ஜ். கற்சிலைமடுவுக்குப் போயிருக்கிறீரா? வெள்ளைக்காரனோடு மோதிய வன்னி மன்னன் பண்டாரவன்னியனுக்கு அங்கே இருந்த பழைய கல் நாங்கள் நட்டதல்ல. ‘இவ்விடத்தில் கப்ரன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31’ என்று வெள்ளைக்காரன் தன் வெற்றிக்கு ஆங்கிலத்தில் வெட்டிய கல் அது. எங்கள் சனம் அதற்குப் பூப்போட்டது. வென்றவன் சுட்ட குறியைத் தோற்றவனின் ஊர் எடுத்துக்கொண்டது. எமற் இதைக் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

யேற்ஸின் புகழ்பெற்ற வரியை ‘பயங்கர அழகு ஒன்று பிறந்தது’ என்று போட்டிருந்தீர்கள். என் மகள் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு சொல் கிடைக்கவில்லையா?
— வங்கி ஊழியர், வவுனியா

மகள் சிரித்தது சரி. ‘பயங்கர வடிவு’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ‘நல்ல வடிவு’. பயங்கரம் என்ற சொல்லில் பயம் தேய்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சொல் தேய்ந்துபோனது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, அது வேறு கதை.

இரண்டு இரவு யோசித்தேன். ‘கொடிய எழில்’ புத்தகப் பூச்சி. ‘அச்சந்தரும் அழகு’ தடக்குகிறது. மூன்றாம் நாள் கிணற்றடியில் வாளியை விடும்போது வந்தது: அணங்கு. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்குகிறாரே, அந்த அணங்கு. பார்த்தவனை மயக்கும், அதே மூச்சில் வருத்தும், சிலவேளை உயிரையும் வாங்கும். அச்சமும் அழகும் அதில் இரண்டு பொருள் அல்ல, ஒன்று. ‘ஓர் அணங்கு பிறந்தது.’ முழுத் திருப்தி இல்லை. அணங்கு மலையிலும் நீர்த்துறையிலும் ஆதிமுதல் இருப்பது, பிறப்பதில்லை. யேற்ஸுக்கோ அது அந்த வாரம் பிறந்த குழந்தை. ஆனாலும் மகளிடம் காட்டுங்கள். சிரிக்கமாட்டாள்.

அழகு என்று மட்டும் ஏன் சொல்லவில்லை என்பதுதான் கவிதையின் உயிர். அவர் இந்த ஆட்களை மதித்தவரல்ல. மாலையில் கடை மேசையிலிருந்தும் கந்தோரிலிருந்தும் வருகிறவர்களைத் தெருவில் கண்டு தலையாட்டிவிட்டு, கிளப்பில் போய்ச் சொல்லிச் சிரிக்க ஒரு பகிடியை மனத்தில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று தானே ஒத்துக்கொள்கிறார். கோமாளியின் பலநிற உடைதான் இங்கே எல்லாரும் போடுவது என்று நம்பியிருந்தார். கடைசிப் பத்தியில் அந்த உடை மாறிப் பச்சை உடையாகிறது. பச்சை அயர்லாந்தின் நிறம். இரண்டு உடுப்பை வைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டார், கவனித்தீர்களா?

சுடப்பட்டவர்களில் ஒருவர் ஜோன் மக்பிறைட். யேற்ஸ் பலமுறை பெண் கேட்டு மறுக்கப்பட்ட மோட் கொன், மணம் முடித்துப் பிரிந்தது இவரைத்தான். கவிதையில் அவரைக் குடிகாரன், வீண்பெருமைக்காரன் என்று எழுதிவிட்டு, ‘ஆனாலும் இவனையும் என் பாட்டில் எண்ணுகிறேன்’ என்கிறார். பிடிக்காதவனையும் எண்ணிச் சேர்க்கவேண்டி வந்ததே, அதற்குத்தான் ‘அழகு’ என்ற ஒற்றைச்சொல் போதாமல் போயிற்று.

நடுவில் ஒரு கல் வருகிறது. ஓடை ஓடுகிறது, குதிரை தண்ணீரில் கால் வைக்கிறது, நீர்க்கோழி இறங்குகிறது, முகிலின் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் கல். ஒரே எண்ணத்தோடு இருக்கும் நெஞ்சு அப்படிக் கல்லாகி ஓடும் நீரைக் கலக்குகிறது என்கிறார். நீண்டுபோன தியாகம் நெஞ்சைக் கல்லாக்கிவிடும் என்றும் சொல்கிறார். மோட் கொன்னுக்குக் கோபம். ‘உன் கவிதை எனக்குப் பிடிக்கவில்லை, தியாகம் ஒரு நெஞ்சையும் கல்லாக்கியதில்லை’ என்று எழுதினார். ஆர் சரி? மாரியில் கனகராயன் ஆறு வரும்போது போய்ப் பாருங்கள். கல் இருக்கும் இடத்தில்தான் தண்ணீர் சத்தம் போடும். கல் நல்லதா கெட்டதா என்று யேற்ஸ் தீர்ப்புச் சொல்லவில்லை. அதனால்தான் 1916 செப்டெம்பரில் எழுதியதை, நண்பர்களுக்கென்று 25 பிரதி அச்சிட்டதைத் தவிர, 1920வரை வெளியே விடாமல் வைத்திருந்தாரோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

யேற்ஸ் துவக்குத் தூக்கினவரா?
— கிளிநொச்சி, அஞ்சலட்டை

இல்லை. அந்த வாரம் அவர் இங்கிலாந்தில். வயது ஐம்பது. தூக்கிய கவிஞர்கள் வேறு: பற்றிக் பியர்ஸ், தோமஸ் மக்டொனா, ஜோசப் பிளங்கற். மூவரும் கவிஞர்கள், மூவரும் சுடப்பட்டார்கள். பிளங்கற் சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைக் கோயிலில் தாலிகட்டினார். தாலி என்று நான் சொல்கிறேன், மோதிரந்தான்.

நீங்கள் சொன்ன மற்றக் கவிதையில், செத்தவர்களின் சட்டைப்பையில் இருந்த பார்லி முளைத்தது என்று வருகிறதே. நான் நாற்பது வருசம் வயல் செய்தவன். நாலு அடிக்குக் கீழே புதைத்த விதை முளைக்காது. கவிஞர் வயலைக் கண்டவரா?
— விவசாயி, விசுவமடு

ஐயா, பதினொரு கடிதத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது உங்களுடையதுதான். கண்டவர். சேமஸ் ஹீனி வட அயர்லாந்தில் கமக்காரன் வீட்டுப் பிள்ளை. 1995இல் நோபல் பரிசு வாங்கும்வரையும், அதன் பிறகும், கிழங்கு கிண்டுவதையும் புல் வெட்டுவதையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசிக்கொண்டிருந்தார்.

விசயம் இது. 1798இல் அயர்லாந்தில் பெரிய கிளர்ச்சி. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்ததால் கிளர்ச்சிக்காரரைக் ‘குறொப்பிகள்’ என்பார்கள். சமையல் இல்லை, பாசறை இல்லை. இரவில் நடந்து பகலில் பதுங்குகிறவன் கோட்டுப் பையில் பார்லியைக் கொட்டிக்கொண்டு, பசித்தால் வாயில் போட்டு மெல்லுவான். அந்த ஆண்டு ஜூன் 21 அன்று வெக்ஸ்போட் பகுதியில் வினிகர் ஹில் என்ற குன்றில் ஈட்டியோடும் அரிவாளோடும் பீரங்கிக்கு முன்னால் நின்று அழிந்தார்கள். ஹீனியின் கவிதையில் செத்தவர்களே பேசுகிறார்கள். ‘எங்கள் கோட்டுப் பைகள் நிறையப் பார்லி’ என்று தொடங்கி, போர்வையும் இல்லாமல் பெட்டியும் இல்லாமல் புதைத்தார்கள், ஓகஸ்ட்டில் புதைகுழியிலிருந்து பார்லி முளைத்தது என்று முடியும். பதினான்கே வரி.

உங்கள் கேள்விக்கு விடை அந்தப் ‘பெட்டியும் இல்லாமல்’ என்பதில் இருக்கிறது. நாலு அடி வெட்ட ஆருக்கு நேரம்? குன்றின் சரிவு, கோடை வெக்கை, எண்ணிக்கை தெரியாத உடல்கள். ஒரு முழத்துக்கும் குறைவாக மண் தள்ளியிருப்பார்கள். அவ்வளவு மேலாகப் புதைத்தால் முளைக்குமா முளைக்காதா என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவசரமாக மண் தள்ளுவதைப் பற்றியும் தேவையில்லை.

இங்கே பார்லி என்றால் சலக்கடுப்புக்கு அவித்துக் குடிக்கிற அரிசி. ஆகையால் வகுப்பில் இந்தக் கவிதையைச் சொல்லும்போது நான் நெல் என்றே சொல்லிவிடுவேன், விதைநெல். சாப்பாடாக எடுத்துப் போனது விதையாகிவிட்டது, சண்டைக்காரன் விதைக்க நினைக்கவில்லை. எனக்கு இந்தக் குறியீட்டில் பிடித்தது அதுதான். பியர்ஸும், அதே எழுச்சிக்காகச் சுடப்பட்ட இன்னொரு தலைவர் கொனலியும் பேசிக்கொள்வதாக யேற்ஸ் எழுதிய ‘ரோசா மரம்’ என்ற பாட்டில், வாடிய மரத்துக்குத் தண்ணீர் எங்கே என்று கேள்வி வருகிறது. கிணறெல்லாம் வற்றிவிட்டது, எங்கள் சொந்தச் சிவப்பு இரத்தந்தான் என்று பதில் வருகிறது. ரோசா மரம் இரத்தம் கேட்கிறது, ஐயா. பார்லி ஒன்றும் கேட்கவில்லை. மழை பெய்தால் முளைக்கும்.

இவ்வளவும் இருந்தும், 1966இல், ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில் எழுதிய இந்தக் கவிதையைப் பின்னாளில் வட அயர்லாந்தில் குண்டு வெடிக்கத் தொடங்கியதும் ஹீனி மேடையில் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தன் பார்லியை வேறு ஆரோ தங்கள் பையில் போட்டுக்கொள்வார்கள் என்ற பயம்.

நாடு என்றால் ஏன் எப்போதும் பெண்? தாய், கன்னி, கிழவி. அங்கேயும் இப்படித்தானா? வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.
— இளம் ஆசிரியை, மல்லாவி

அங்கேயும் இப்படித்தான் தங்கச்சி, இன்னும் மோசமாக. 1902 ஏப்ரல் 2ஆம் திகதி டப்ளினில் ஒரு சின்ன நாடகம் மேடையேறியது. ‘கத்லீன் நி ஹூலிஹன்’. யேற்ஸும் கிறெகரி சீமாட்டியும் சேர்ந்து எழுதியது. கிழவியாக நடித்தவர், மேலே சொன்ன மோட் கொன். 1798இல் ஒரு குடிசை, அடுத்த நாள் மூத்தவனுக்குக் கலியாணம். வழிப்போக்கக் கிழவி ஒருத்தி வந்து அடுப்படியில் குந்துகிறாள். வீட்டில் அந்நியர் கூடிவிட்டார்கள், என்னுடைய நாலு பச்சை வயலையும் பறித்துவிட்டார்கள் என்கிறாள். நாலு வயல் என்பது அயர்லாந்தின் நாலு மாகாணம். எனக்காகச் செத்தவர்களைச் சனம் என்றைக்கும் நினைத்திருக்கும் என்று பாடிவிட்டு வெளியே போகிறாள். மாப்பிள்ளை கலியாண உடுப்பை விட்டுவிட்டுப் பின்னால் போகிறான். உள்ளே வந்த தம்பியிடம் ‘வழியில் ஒரு கிழவியைக் கண்டாயா?’ என்று தகப்பன் கேட்க, அவன் சொல்கிறான்: ‘கிழவியைக் காணவில்லை. ஓர் இளம்பெண்ணைக் கண்டேன். அரசியைப் போல நடந்து போனாள்.’

மயிர்க்கூச்செறியும், இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாறு முறை வாசித்த பிறகுதான் மணப்பெண் டீலியா அந்த வீட்டுக்குள்ளேயே நிற்கிறாள் என்பது உறைத்தது. அவளை ஒருவரும் அரசி என்று சொல்லவில்லை.

இனி என் கதை. 2006ஆம் ஆண்டு. ஆள் பற்றாக்குறையால் ஆங்கிலத்தோடு தமிழும் நானே படிப்பித்தேன். ஒரு நாள், நானாக, புறநானூற்று 279ஐ எடுத்தேன். ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. முந்திய போரில் பிறந்தவீட்டு ஆண் விழுந்தான், நேற்றைய போரில் கணவன் விழுந்தான், இன்று பறை கேட்டதும், ஒரு மகனைத் தவிர வேறு இல்லாதவள், அவனுக்கு வெள்ளுடை உடுத்தி, பறட்டைத் தலையில் எண்ணெய் பூசி, வேலைக் கையில் கொடுத்து ‘போ’ என்று விடுகிறாள். எனக்கு நல்ல குரல். ‘கெடுக சிந்தை கடிதிவள் துணிவே’ என்று நான் தொடங்கியதும் பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிள் மிதித்ததே தெரியவில்லை, அவ்வளவு பெருமை.

அடுத்த கிழமை கடைசி வாங்கில் ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. தலையில் எப்போதும் எண்ணெய் வழிகிற பையன். எங்கே போனான் என்று எழுதத் தேவையில்லை. இரண்டு நாள் கழித்து அவனுடைய தாய் என் படலையில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ‘அண்டைக்கு என்ன பாடம் ரீச்சர் எடுத்தனீங்கள்?’ என்று மட்டும் கேட்டாள்.

பாட்டுக் கேட்டுத்தான் போனான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் போவதற்குப் பாட்டுத் தேவைப்படவுமில்லை. யேற்ஸுக்கும் ஆதாரம் இருக்கவில்லை. 1938இல், சாவுக்குச் சற்று முன்னர், ‘மனிதனும் எதிரொலியும்’ என்ற கவிதையில், உடைந்த பாறை இடுக்குக்குள் நின்று கத்துகிறார்: என்னுடைய அந்த நாடகம், ஆங்கிலேயர் சுட்ட சிலரை அனுப்பி வைத்ததா? 36 வருசம் கழித்துக் கேட்கிறார். எதிரொலி விடை சொல்லவில்லை. படுத்துச் சாகலாம் போலிருக்கிறது என்று அவர் சொன்னதன் கடைசிச் சொற்களை மட்டும் ‘படுத்துச் சா’ என்று திருப்பித் தருகிறது.

அந்த மாணவிக்கு ஈவன் போலண்ட் என்ற பெண் கவிஞரைச் சொல்லிக்கொடுங்கள். பியர்ஸ் 1912இல் ஐரிஷ் மொழியில் ‘நான் அயர்லாந்து’ என்று ஒரு கவிதை எழுதினார். நான் மூதாட்டி, வீரனைப் பெற்றவள், பிள்ளைகள் என்னை விற்றுவிட்டார்கள் என்று நாடே பேசுவது. 1980களில் போலண்ட் அதே தலைப்பை அப்படியே எடுத்தார். அவருடைய கவிதையில் பேசுவது சிம்மாசனத்துக் கிழவி அல்ல. பட்டாளக் காவலரணடியில் உடலை விற்றவளும், கப்பல் தட்டில் குளிரில் அரைவாசி செத்த குழந்தையை அணைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போனவளும். ‘நான் திரும்பிப் போகமாட்டேன்’ என்பது அதில் வரும் வரி. பெண்ணைக் கொடியில் வரைந்தவர்கள், அவள் தண்ணீர் வாளி தூக்கியதை எழுதவில்லை என்பது அவருடைய கோபம்.

இதைப் போலண்டுக்கு முன்னால், இளங்கோ ஒரு காவற்காரன் வாயால் சொல்லிவிட்டார் என்பேன். நாங்கள் வைகாசியில் வற்றாப்பளைக்குப் பொங்கலுக்குப் போய், கடல்தண்ணீரில் விளக்கெரிவதைப் பார்த்துக் கும்பிடுகிறோமே, அவள் கதையில்தான். கண்ணகி பாண்டியன் வாசலில் நிற்கிறாள். காவற்காரனுக்கு அவளை ஆரென்று தெரியவில்லை. உள்ளே ஓடிப்போய், கொற்றவையும் அல்லள், அணங்கும் அல்லள், காளியும் அல்லள் என்று தனக்குத் தெரிந்த குறியீட்டை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துத் தள்ளுகிறான். கடைசியில் மிஞ்சியதைச் சொல்கிறான்: ‘கணவனை இழந்தாள் கடையகத்தாளே.’ புருசனை இழந்த ஒருத்தி, வாசலில் நிற்கிறாள். கையில் ஒரு சிலம்பு. அவள் ஆருடைய பிள்ளையையும் அனுப்பவில்லை, தானே வந்திருக்கிறாள்.

எங்கள் கதையே எழுதாமல் கிடக்க, அயர்லாந்துக்காரன் கதை எங்களுக்கு எதற்கு?
— துணுக்காய், பெயர் வேண்டாம் என்கிறார்

பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, பாதி விடையை நீங்களே தந்துவிட்டீர்கள். அயர்லாந்தில் எழுச்சியில் செத்தவர்களை நினைத்து 1926 முதல் ஈஸ்டர் நாளில் வெள்ளை லில்லிப் பூவைச் சட்டையில் குத்துகிறார்கள். அதைப் பற்றி நான் எத்தனை பக்கமும் எழுதலாம். என் வேலியில் ஐப்பசி மழைக்குப் பிறகு படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற கொடி ஒன்று இருக்கிறது. அதன் கிழங்கு நஞ்சு, ஆட்டுக்குட்டி கிட்டப் போகாமல் பார்க்கவேண்டும். அதைப் பற்றி எனக்கு எழுத வருவது இவ்வளவுதான்.

சென்ற மாதம் கடைசியில், லெட்விட்ஜ் என்பவரின் கறுத்தப் பசுவை வாசிக்கும்போது எங்கள் கறுப்பி ஞாபகம் வரும் என்று எழுதிப் பாதியில் விட்டீர்கள். கறுப்பி திரும்பி வந்ததா?
— ஒட்டுசுட்டான் வாசகி

ஆசிரியர் இடமில்லை என்று வெட்டிவிட்டார். இந்தமுறை விடமாட்டேன்.

சுடப்பட்ட மக்டொனா, ‘மஞ்சள் குருகு’ என்ற பழைய ஐரிஷ் பாட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். குளம் உறைந்துவிட, தண்ணீர்க் கரையிலேயே தாகத்தில் செத்துக்கிடந்த குருகைப் பார்த்து, ஒரு குடிகாரக் கவிஞன் ‘எனக்கும் இதுதான் கதி, ஆகையால் குடிப்பேன்’ என்று பாடியது. முத்தையன்கட்டுக் கோரைக்குள் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்குமே, அந்தச் சாதிக் குருகு. மக்டொனா சுடப்பட்ட செய்தி கேட்டு பிரான்சிஸ் லெட்விட்ஜ் எழுதிய இரங்கற்பா, ‘அவன் கிடக்கும் இடத்தில் குருகு கத்துவதை இனிக் கேட்கமாட்டான்’ என்று தொடங்குகிறது. செத்தவன் மொழிபெயர்த்த பறவையை வைத்தே அவனுக்கு ஒப்பாரி. லெட்விட்ஜ் அப்போது போட்டிருந்தது ஆங்கிலேயப் பட்டாளத்து உடுப்பு, மக்டொனாவைச் சுட்டவர்களின் உடுப்பு. 1917 ஜூலை 31ஆம் திகதி பெல்ஜியத்தில் வீதி போடும் வேலையின் நடுவே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது செல் விழுந்து செத்தார்.

அந்த இரங்கற்பாவின் முடிவில்தான் பசு. ஐரிஷ் பாட்டுக்களில் கறுத்தப் பசுவும் நாட்டின் ஒளித்த பெயர்களில் ஒன்று. களை மண்டிய தரவையை விட்டுக் கறுத்தப் பசு நல்ல புல்வெளிக்குப் போகும் நாளில், அது கொம்பை நிமிர்த்திக் கத்துவது ஒருவேளை அவனுக்குக் கேட்கும் என்கிறார். ‘ஒருவேளை’ என்று போட்டாரே, அந்த மனிதருக்கு அதற்காகவே ஒரு கும்பிடு.

எங்கள் கறுப்பி குறியீடு ஒன்றும் இல்லை. நேரத்துக்கு ஒன்றரைப் போத்தல் பால், உதைக்கிற பழக்கம், இடக்காதில் வெள்ளைப் பொட்டு. 2009 தை மாதம் இடம்பெயர லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏறுமுன் கட்டை அவிழ்த்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். கயிற்றோடு சாகவேண்டாம் என்று. கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது, பிறகு வரவில்லை.

2011இல் குளத்துப் பக்கம் போனபோது, ஆறேழு மாடுகளுக்கு நடுவில் ஒரு கறுத்தப் பசு. இடக்காதில் பாதி அறுந்து போயிருந்தது. பொட்டு இருந்த பாதியா என்று சொல்ல முடியாது. தொடையில் எங்கள் குறி இருக்கவேண்டிய இடத்தில் வேறு குறி, புதிதாகச் சுட்டது, தோல் இன்னும் சிவப்பு. அடியில் பழையது ஏதாவது இருந்ததா என்று குனிந்து பார்த்தேன். ஒருவன் வந்தான், கைப்பிள்ளை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு. ‘என்னம்மா பாக்கிறியள்?’ என்றான். ஒன்றுமில்லை என்றேன். அவன் அவற்றை ஓட்டிக்கொண்டு போகும்போது ‘கறுப்பி’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். தலையைத் திருப்பியது. ஈ கடித்தும் இருக்கலாம்.